இரவு டியூட்டியில் இருப்பவருக்கு: ஒரு பிள்ளை "இனி முடியல" என்றால்

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, 18 முடிந்ததும் வெளியே வருகிற பிள்ளைகள் தங்குவதற்கு ஆஃப்டர்கேர் இல்லங்கள் இருக்கின்றன. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவுதான் இவர்களுக்கான உதவிக்கு அடிப்படை, பொதுவாக 21 வயது வரை. அப்படி ஓர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தால் சமையல் கணக்கும் கேட் பூட்டும் நேரமும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு பையன் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டு கீழே வர மாட்டேன் என்றால் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவன் வாழ்க்கைப் பிரச்சினையை அந்த ராத்திரியே நீங்கள் தீர்க்க வேண்டியதில்லை. விடியும்வரை தனியாக விடாமல் இருப்பது, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, அவ்வளவுதான் உங்கள் வேலை.

எப்போது கவனமாக இருக்க வேண்டும்? அரியர் ரிசல்ட், காதல் முறிவு, லோன் ஆப்காரர்களின் மிரட்டல், இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவைதான். தெரியாமல் போவது தீபாவளி, பொங்கல் லீவு: அறைத் தோழன் ஊருக்குப் பையைக் கட்டும்போது இவனுக்குப் போக இடம் இருக்காது. அப்புறம் 21 நெருங்கும் மாதங்கள். நன்றாக இருந்த ஹெட்செட்டை யாருக்கோ சும்மா கொடுப்பான், டீக்கடைப் பாக்கியை அடைப்பான், "உங்களுக்கு ரொம்பத் தொல்லை கொடுத்துட்டேன்க்கா" என்பான். பையன் திருந்திவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள், அன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள்.

பேசுவது எப்படி? முதலில் நீங்களும் அதே படியில் உட்காருங்கள், தலைக்கு மேல் நின்றுகொண்டு பேசாதீர்கள். மற்ற பிள்ளைகளை அறைக்கு அனுப்பிவிடுங்கள், அவனுக்கு வேண்டிய ஒருவன் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு நேராகக் கேளுங்கள். நம்மில் பலர் "தப்பா எதுவும் பண்ணிக்க மாட்டேல்ல?" என்றுதான் கேட்கிறோம், அந்தக் கேள்விக்கு "மாட்டேன்" என்ற ஒரே பதிலைத்தான் அவனால் சொல்ல முடியும். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்றே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பலருக்கு அப்போதுதான் மூச்சே வரும். ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா, கையில் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் வாங்கி வைத்துவிட்டு, ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.

தலையில் கைவைத்து சத்தியம் வாங்குகிற பழக்கம் நம் இல்லங்களில் அதிகம். சத்தியத்தால் நமக்குத் தூக்கம் வருமே தவிர, அவனுக்கு எந்தப் பயனும் இல்லை. அடுத்த முறை தோன்றும்போது சத்தியத்தை மீறிய குற்றவுணர்வில் நம்மிடம் வரவே மாட்டான். அதற்குப் பதிலாக, மறுபடி தோன்றினால் முதலில் யாரை எழுப்புவான், எந்த அறையில் வந்து படுத்துக்கொள்வான் என்பதை அவன் வாயாலேயே சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள். "சோறு போட்டுப் படிக்க வைக்கிறோம், உனக்கு என்னடா குறை?" என்ற வசனம் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம்.

யாரோ பேசுவது காதில் கேட்கிறது, கொல்ல வருகிறார்கள் என்று சொன்னால் வாதம் செய்யாதீர்கள். டிவியை அணைத்து, கூட்டத்தைக் கலைத்து, கொஞ்சம் தள்ளி நின்று மெதுவாகப் பேசுங்கள். கட்டிப்போடுவதும் கூடாது, சாமி வந்திருக்கிறது என்று விபூதி அடிப்பதும் கூடாது. கையில் கத்தி இருந்தால் மற்றவர்களை வெளியேற்றிவிட்டு 112 அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

எதையாவது விழுங்கியிருந்தால் உடனே 108. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும் போய்த்தான் ஆக வேண்டும், சில விஷங்களின் வேலை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து தாமதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

அவசர மருத்துவம் தேவைப்படாத இரவுகளுக்கு டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அவன் பேச மறுத்தால் நீங்களே கூப்பிட்டு வழி கேளுங்கள்.

பகலில் செய்து வைக்க வேண்டிய ஒரு வேலையும் உண்டு. அதே மனநலச் சட்டத்தின் 14ஆவது பிரிவுப்படி 18 முடிந்த யாரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை, அதாவது மனநல சிகிச்சை விஷயத்தில் தன் பக்கம் நிற்கும் ஒருவரை, வைத்துக்கொள்ளலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அந்த நபரும் சம்மதிக்க வேண்டும். பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு, ஆஸ்பத்திரியில் "யார் கூட வந்திருக்கீங்க, சொந்தமா?" என்று கேட்கும்போது இந்தத் தாள் பெரிய உதவி. நன்றாக இருக்கும் நாளில் உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். யார் பெயர் என்பது அவன் இஷ்டம், உங்கள் பெயரை எழுதாவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகுதான் இல்லங்கள் அதிகமாகச் சறுக்குகின்றன. "மற்ற பசங்க கெட்டுடுவாங்க" என்று வெளியேற்றுவார்கள், அல்லது மீட்டிங் போட்டு எல்லோர் முன்னாலும் அறிவுரை சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். முதல் சில வாரங்கள் ஆபத்தானவை. மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுக்காமல், அவனிடமும் டாக்டரிடமும் பேசிவிட்டு, பூட்டிய அலமாரியில் வைத்து அன்றன்றைக்கு எடுத்துக் கொடுங்கள். பூச்சிமருந்தையும் பூட்டியே வையுங்கள். அடுத்த ரிவ்யூ தேதியை டியூட்டி நோட்டில் எழுதி, கூடப் போகிறவர் பெயரையும் எழுதுங்கள். அந்த ராத்திரி முழுக்க விழித்திருந்தவரைக் காலையில் மார்க்கெட்டுக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அனுப்புங்கள்.