எச்.ஐ.வி.யோடு வாழ்பவரின் இதயம்: ‘எக்கோ நார்மல்’ என்று எழுதும் முன்

போன வாரம் எங்கள் ஏஆர்டி (எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை) கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர், மூச்சு வாங்குகிறது என்று வந்தவரின் இதய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து, ஃபைலில் ‘எக்கோ நார்மல்’ என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அதே இரண்டு சொல்லை நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான். பிரஷர் பார்ப்பது, சிகரெட்டை விடச் சொல்வது எல்லாம் எல்லோரும் செய்வது, அவற்றை விட்டுவிடுகிறேன். நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

‘வைரஸ்தான் அடங்கிவிட்டதே’

வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கினாலும் உடம்புக்குள் மெல்லிய அழற்சி ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதயச் செயலிழப்பு வரும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. இன்றைய சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) எவ்வளவு என்று பார்ப்பதோடு, எந்தக் காலத்திலாவது மிகக் குறைவாக இறங்கியது எவ்வளவு என்றும் பழைய தாள்களைப் புரட்டிப் பாருங்கள்.

ஈஎஃப் (இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் விகிதம்) 60 இருந்தால் இதயம் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது

இதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். சில மாதத்தில் ஆறு கிலோ கூடியிருந்தார். அப்போதுதான் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரைக்கு மாற்றியிருந்தோம். அந்த மாத்திரையில் எடை கூடும் என்பது தெரிந்த விஷயம், பழியை அதன்மேல் போட்டேன். கணுக்காலை அழுத்திக்கூடப் பார்க்கவில்லை. எக்கோவில் ஈஎஃப் 62 சதவீதம். சரி, நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து, நுரையீரலில் நீர் கோத்து, படுக்கவே முடியாமல் நள்ளிரவில் வந்து சேர்ந்தார். அப்போது பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஈஎஃப்புக்கு இரண்டு வரி கீழே, ‘இடது மேலறை விரிந்துள்ளது, டயஸ்டாலிக் கோளாறு கிரேடு 2’ என்று அச்சாகியிருந்தது, அதாவது இதயம் தளர்ந்து நிரம்புவதில் கோளாறு. நான் எண்ணோடு நிறுத்திக்கொண்டவன்.

ஈஎஃப் என்பது நிரம்பிய ரத்தத்தில் எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்ற விகிதம் மட்டுமே. தசை விறைத்த இதயம் சரியாக விரியாது. நிரம்பிய கொஞ்சத்தை நன்றாகவே பிழிந்துவிடும். எண் அழகாக இருக்கும், அழுத்தமோ பின்வாங்கி நுரையீரலில் ஏறும். ஏஆர்டி வராத காலத்தில் பார்த்தது விரிந்து தளர்ந்துபோன இதயங்களை. இப்போது இந்த விறைத்த வகைதான் நழுவிப் போகிறது.

ஆகவே ரிப்போர்ட்டில் உடல் பரப்புக்கு ஏற்பக் கணக்கிட்ட இடது மேலறைக் கொள்ளளவு சதுர மீட்டருக்கு 34 மில்லியைத் தாண்டுகிறதா, ஈ பை ஈ பிரைம் (இதயத்துக்குள் அழுத்தம் ஏறியதைக் காட்டும் விகிதம்) 14-க்கு மேலா என்று தேடுங்கள். ஸ்ட்ரெயின் (இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்ற எக்கோ அளவீடு) எடுக்க வசதி இருந்தால் கேளுங்கள். ஈஎஃப் இறங்குவதற்கு முன்பே அது குறையத் தொடங்கும். அப்புறம், எக்கோ சீட்டில் வெறும் ‘எக்கோ’ என்று எழுதி அனுப்பினால் பதிலும் வெறும் ஈஎஃப்பாகவே வரக்கூடும். ‘மூச்சுத்திணறல், டயஸ்டாலிக் செயல்பாடு பார்க்கவும்’ என்று எழுதுங்கள். ஓய்வில் எடுத்த எக்கோ சுத்தமாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், உடற்பயிற்சியோடு எக்கோ எடுக்க அனுப்பலாம்.

என்டி-ப்ரோபிஎன்பி 125-க்குக் கீழ்

இதயத்தில் அழுத்தம் ஏறினால் கூடும் ரத்தச் சோதனை இது. 125-க்குக் கீழ் என்றால் இதயத் தொல்லை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். பருமனானவர்களுக்கு இந்த எண் இயல்பாகவே தாழ்ந்து நிற்கும். எடை கூடி வந்தவரிடம் அதை மட்டும் நம்பாதீர்கள்.

மூச்சு வாங்கினால் உடனே இன்ஹேலர்

எச்.ஐ.வி. மருந்துகளோடு சேர்த்துத் தரப்படும் ரிடோனாவிரோ கோபிசிஸ்டாட்டோ எடுப்பவருக்கு ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலர் கொடுத்தால், அந்த ஸ்டீராய்டு சிதையாமல் ரத்தத்தில் தேங்கும். முகம் உப்பும், பிரஷர் ஏறும், நீர் தங்கும். இல்லாத ஆஸ்துமாவுக்கு மருந்து கொடுத்து, இருக்கிற இதயத் தொல்லையைக் கூட்டிவிடுவோம்.

ரத்தசோகை

மூச்சு வாங்க ரத்தசோகையும் காரணமாகலாம், ஹீமோகுளோபின் பாருங்கள். ரத்தசோகை தரக்கூடிய ஜிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுப்பவரென்றால் கட்டாயம்.

‘மூச்சு வாங்குகிறதா?’ என்று கேட்பது

‘இல்லை’ என்பார்கள். பொய் இல்லை, மூச்சு வாங்கும் வேலைகளை எப்போதோ விட்டிருப்பார்கள். ஆறு மாதத்துக்கு முன் ஏறிய மாடியை இப்போதும் நிற்காமல் ஏறுகிறீர்களா, குனிந்து செருப்பு வாரை மாட்டும்போது திணறுகிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

போன வாரம் வந்தவரை வராந்தாவிலிருந்து திரும்பக் கூப்பிட்டு, அந்தப் புது டாக்டரையே தலையணைக் கேள்வியைக் கேட்கச் சொன்னேன். தலையணையெல்லாம் இல்லை டாக்டர், மூன்று மாதமாக நாற்காலியில்தான் தூங்குகிறேன் என்றார்.