நிரலால் உருவாகும் எழுத்துக்கலை: சொல்லைப் புள்ளிகளாக்கி நகர்த்தும் முறை

எழுத்தைக் கையால் வரையாமல், அதன் வடிவத்தைத் தீர்மானிக்கும் விதியை நிரலாக எழுதும் முறை புதியதன்று. டொனால்ட் கனூத் 1970களின் இறுதியில் உருவாக்கிய மெட்டாஃபான்ட் எழுத்துகளைச் சமன்பாடுகளாலேயே விவரித்தது. இன்று இதைத் தொடங்க, உலாவியில் இயங்கும் பி5.ஜேஎஸ் என்ற இலவச நிரல் நூலகமே (ஆயத்த நிரல்களின் தொகுப்பே) போதும்.

முதல் வேலை, சொல்லைப் புள்ளிகளாக மாற்றுவது. எழுத்துருக் கோப்பிலிருந்து வெளிக்கோட்டுப் புள்ளிகளை நேரடியாக எடுக்கும் வசதி அந்நூலகத்தில் உண்டு. ஆயினும் தமிழுக்கு அவ்வழியை நான் பரிந்துரைப்பதில்லை. ‘கொ’ என்பதில் உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு வரிசையிலோ அது ககரத்திற்குப் பின்னர்தான் வருகிறது. அதை உரிய இடங்களில் அமர்த்த ஹார்ஃப்பஸ் போன்றதொரு மென்பொருள் தேவை. உலாவிக்குள் அத்தகைய மென்பொருள் ஏற்கெனவே இருப்பதால், சொல்லைத் திரையில் தோன்றாத தனிக் கேன்வாஸில் (வரைபரப்பில்) பெரிதாக எழுதி, அதன் பிக்சல்களை நான்கைந்து பிக்சல் இடைவெளியில் சோதித்து, நிறம் படிந்த இடங்களை மட்டும் பட்டியலில் சேர்ப்பதே பாதுகாப்பானது. பிக்சல் அடர்த்தியை 1 என முன்பே அமைத்துவிடுங்கள். இல்லாவிடில் உயர்தெளிவுத் திரைகளில் இடக்கணக்கு பிசகும்.

அடுத்து, புள்ளிகளை நகர்த்த வேண்டும். வெறும் ரேண்டம் எண்களைக் கொடுத்தால் ஒவ்வொரு புள்ளியும் தன்போக்கில் சிதறி, எழுத்து தூளாகிவிடும். பெர்லின் நாய்ஸ் என்ற, சீராக மாறும் எண்களைத் தரும் சார்பில் அண்டைப் புள்ளிகளுக்கு நெருங்கிய மதிப்புகள் கிடைப்பதால், வடிவம் உடையாமல் நெளிகிறது. புள்ளியின் இட எண்களை 0.005 முதல் 0.03 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கி அந்தச் சார்புக்குக் கொடுங்கள். விடை 0க்கும் 1க்கும் இடையில் வருவதால், அதிலிருந்து 0.5ஐக் கழிக்காவிட்டால் சொல் முழுவதும் ஒரே பக்கம் சாயும். கிடைத்திசைக்கும் நெடுந்திசைக்கும் ஒரே மதிப்பைப் பயன்படுத்தினால் அசைவெல்லாம் மூலைவாட்டத்திலேயே அமையும். ஆகவே ஒரு திசைக்கு மட்டும் இட எண்களோடு ஒரு பெரிய எண்ணைக் கூட்டிக் கொடுங்கள்.

அந்த விடையைப் பெருக்கித் தீர்மானிக்கும் நகர்வின் உச்ச அளவுதான் உண்மையில் வடிவமைப்பாளரின் முடிவு. ‘ன’, ‘ண’ இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு சுழிதான் என்பதால், சுழிகளின் உள்வெளி அடைபடும் அளவுக்கு முன்பே நிறுத்துவது நல்லது. புள்ளி வைத்த மெய்யெழுத்துகளிலும் அதே கவனம் வேண்டும்.

ரேண்டம், நாய்ஸ் இரண்டுக்கும் விதை எண்ணை (அதே எண்களை மீண்டும் தரவைக்கும் தொடக்க எண்ணை) நிரலிலேயே குறிப்பிட்டு, சேமிக்கும் படத்தின் பெயரிலும் அதைச் சேர்த்துவிட்டால், பிடித்த வடிவத்தை அச்சுக்குத் தேவையான பெரிய அளவில் மீண்டும் வரவழைக்கலாம்; அப்போது சொல்லைப் பழைய அளவிலேயே வைத்து, வரையும்போது மட்டும் பெரிதாக்க வேண்டும், ஏனெனில் இட எண்கள் மாறினால் நாய்ஸின் விடையும் மாறிவிடும்.