தாய்லாந்தில் ஓய்வுக்காலம்: ரிட்டர்ன் டிக்கெட் வேண்டுமா?

ஓய்வு பெற்றபின் தாய்லாந்தில் வந்து தங்குகிற நம்மவர்கள், பாங்காக் சீலோம் மாரியம்மன் கோயிலில் பார்த்தாலும் சரி, போனில் பிடித்தாலும் சரி, முதலில் கேட்பது இதைத்தான்: "சார், ரிட்டர்ன் டிக்கெட் போடணுமா, ஒன்-வே போதுமா?" செல்லுபடியாகும் நீண்டகால விசா கையில் இருந்தால் ஒன்-வே போதும். இல்லையென்றால், சுற்றுலாப் பயணிபோல் தாய்லாந்தைவிட்டு வெளியேறும் டிக்கெட் ஒன்றைக் காட்டச் சொல்வார்கள். இவ்வளவுதான் பதில். ஆனால் விசா கையில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, உண்மையில் அது செல்லாமல் போயிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வழக்கமான விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்காலத் தங்கலுக்கு 50 வயது நிரம்பியிருக்க வேண்டும். பெரும்பாலோர் நான்-ஓ (Non-O) என்கிற 90 நாள் விசாவில் வந்து, இங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) போட்டு வைத்து, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டி, இமிகிரேஷனில் 1,900 பாட் கட்டி ஓராண்டு எக்ஸ்டென்ஷன், அதாவது தங்கும் அனுமதியின் நீட்டிப்பு, வாங்குகிறார்கள். அந்த 8 லட்சம் விண்ணப்பிப்பதற்கு 2 மாதம் முன்பே கணக்கில் இருக்க வேண்டும். கிடைத்தபின் 3 மாதம் தொடக்கூடாது, அதற்கப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. 90 நாளுக்கு ஒருமுறை இருக்கும் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். ஊரில் பென்ஷனுக்காக வருடா வருடம் உயிர்வாழ் சான்று கொடுத்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

இனி டிக்கெட் விஷயம். உங்களிடம் டிக்கெட் கேட்கப்போவது பெரும்பாலும் தாய்லாந்து அதிகாரி இல்லை, சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுண்ட்டரில் நிற்கிற பிள்ளைகள்தான். பாங்காக்கில் உங்களைத் திருப்பி அனுப்பினால், கூட்டிக்கொண்டு வந்த விமான நிறுவனமே தன் செலவில் திரும்பக் கொண்டுபோக வேண்டும், அபராதமும் விழலாம். அதனால் அவர்கள் எந்த நாட்டுக்குள் நுழைய என்னென்ன தாள் வேண்டும் என்று சொல்கிற டிமாட்டிக் (Timatic) என்ற தகவல் தொகுப்பைத் திரையில் பார்த்து, பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றையும் ஒத்துப் பார்க்கிறார்கள். ஒன்-வே என்று தெரிந்ததுமே கை நின்றுவிடும். அப்போது கோபப்பட்டுப் பயனில்லை. முதல்முறை வருகிறீர்களா, விசா தாளை நீட்டுங்கள். இப்போது எல்லாம் ஈ-விசாதான், பாஸ்போர்ட்டில் ஒட்டித் தருவதில்லை, ஆகவே அச்செடுத்த தாள் கையிலேயே இருக்கட்டும்.

இங்கே தங்கிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்குத்தான் குழப்பம் அதிகம். பழைய விசாவின் தேதி எப்போதோ முடிந்திருக்கும். கவுண்ட்டரில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு "எக்ஸ்பயர் ஆயிடுச்சே சார்" என்பார். ஆனால் இப்போது செல்லுபடியாவது வேறு பக்கத்தில் இருக்கிற எக்ஸ்டென்ஷன் முத்திரையும், அதற்குத் துணையான ரீ-என்ட்ரி பெர்மிட் (வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி) முத்திரையும்தான். அந்த இரண்டு பக்கத்திலும் சின்னக் காகிதம் செருகி வைத்துக்கொண்டு நீங்களே திறந்து காட்டுங்கள். புரியவில்லை என்றால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மேலே துணை முத்திரை என்றேன் இல்லையா, என் நண்பர் அடிபட்டது அதில்தான். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஹுவா ஹின்னில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார். ஒருநாள் நள்ளிரவில் கும்பகோணத்திலிருந்து போன், அண்ணன் தவறிவிட்டார் என்று. மகள் அங்கிருந்தே காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். மனிதர் மாற்றுத்துணி இரண்டைப் பையில் திணித்துக்கொண்டு டாக்சி பிடித்து பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்துக்கு ஓடினார். வெளியே போகும்போது அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். ரீ-என்ட்ரி பெர்மிட் எடுக்காமல் நாட்டைவிட்டு வெளியேறினால், எக்ஸ்டென்ஷனில் எத்தனை மாதம் மீதி இருந்தாலும் அத்தோடு ரத்து. அதை நினைவுபடுத்துவது அந்த அதிகாரியின் வேலை இல்லை.

காரியம் எல்லாம் முடிந்து சென்னைக்கு வந்து கவுண்ட்டரில் நின்றபோதுதான் விஷயமே தெரிந்தது. எட்டு மாதம் மீதி இருக்கிறது என்று முத்திரையைக் காட்டுகிறார், "இதில ரீ-என்ட்ரி இல்லையே சார், வெளியே போற டிக்கெட் காட்டுங்க" என்கிறார் அந்தப் பெண். அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு வந்த மனிதர், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, அன்றைய விலைக்கு, பணம் திரும்ப வராத டிக்கெட் ஒன்றை வாங்கினார். பாங்காக்கில் இறங்கியதும், அன்றைய விதிப்படி சுற்றுலாப் பயணிக்கான 60 நாள் முத்திரை விழுந்தது. மறுபடி முதலிலிருந்து: நான்-ஓவுக்கு மாற்ற 2,000 பாட், பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கு வங்கிக் கடிதம், அப்புறம் எக்ஸ்டென்ஷன் 1,900. அந்த வெயிலில் இமிகிரேஷன் வாசலுக்கு நடையாய் நடந்தார். வருடா வருடம் அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு எக்ஸ்டென்ஷன் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு ஆகும் செலவு இவ்வளவுதான்: ஒருமுறை போய்வர 1,000 பாட், எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர 3,800 பாட். நம் வயதில் ஊரிலிருந்து எப்போது எந்த போன் வரும் என்று சொல்ல முடியாது. கூடப் பிறந்தவர்கள், சம்பந்திகள், பழைய சிநேகிதர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். அதனால் எக்ஸ்டென்ஷன் கிடைத்த அன்றைக்கே, அதே அலுவலகத்தில் இதற்கான டி.எம்.8 (TM.8) விண்ணப்பப் படிவம் கொடுத்து 3,800 பாட் பெர்மிட்டை எடுத்துவிடுங்கள். ஊருக்குப் போகும் எண்ணமே இல்லை என்று சொல்பவர்களும் எடுங்கள். எடுக்காமல் விட்டு அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால், சுவர்ணபூமியில் புறப்பாட்டுப் பகுதியிலும் இதற்கு ஒரு கவுண்ட்டர் உண்டு. புகைப்படமும் ரொக்கமும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்கூட்டியே போய்ச் சேருங்கள். கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் முடிகிற அதே நாளில் பெர்மிட்டும் முடிந்துவிடும், எனவே ஒவ்வொரு ஆண்டும் இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

சிலர் முன்னெச்சரிக்கை என்று ஒரு வருடத்துக்கு அப்புறம் வருகிற தேதியில் ரிட்டர்ன் போடப் பார்க்கிறார்கள். விமான நிறுவனங்கள் பொதுவாக 11, 12 மாதத்துக்கு மேல் முன்பதிவு திறப்பதே இல்லை, மலிவு டிக்கெட்டில் தேதி மாற்றப் போனால் டிக்கெட் விலையே கட்டணமாக வரும். உண்மையிலேயே வெளியேறும் டிக்கெட் தேவைப்படுகிற நிலை வந்தால், அது சென்னைக்குத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. தாய்லாந்தைவிட்டு எந்த நாட்டுக்குப் போனாலும் சரி, இருப்பதில் மலிவானதைப் பாருங்கள். ஏஜென்ட் சில நூறு ரூபாய்க்குத் தருகிற டம்மி (போலி) டிக்கெட் மட்டும் வேண்டாம். பி.என்.ஆர். என்கிற முன்பதிவு எண்ணைத் தட்டினால் உண்மை தெரிந்துவிடும். நேர்மையாகச் சம்பாதித்து, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு இங்கே வந்திருக்கிறோம். அறுபது வயதுக்கு மேல் பொய்த் தாளோடு ஒரு கவுண்ட்டரில் நிற்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

கடைசியாக ஒன்று. 2025 மே 1 முதல், தாய்லாந்துக்குள் நுழைகிறவர்கள் கொடுக்கிற வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. பாங்காக்கில் அதிகாரியிடம் பாஸ்போர்ட்டை நீட்டும்போது ரீ-என்ட்ரி பக்கத்தைத் திறந்தே கொடுங்கள். அவசரத்தில் சுற்றுலா முத்திரையைக் குத்திவிடுவதும் உண்டு. குத்திய தேதி உங்கள் எக்ஸ்டென்ஷன் தேதிதானா என்று கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு அப்புறம் கவுண்ட்டரைவிட்டு நகருங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்தி வாங்குங்கள், வெளியே வந்தபின் திருத்துவது பெரும்பாடு.