மரம் ஏறும் கயிறு, ஹார்னஸ், காராபைனர்: எதை, எப்படிப் பார்த்துப் பராமரிப்பது

கயிற்றில் தொங்கிக் கிளை கழிக்கும் வேலையைப் புதிதாகப் பழகுபவர்கள் முதலில் முடிச்சுகளைத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அது சரிதான். ஆனால் முடிச்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், கயிறு கெட்டிருந்தால் பயனில்லை.

ஐரோப்பியத் தரமான ஈஎன் 1891-இல் ‘ஏ’ வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். 80 கிலோ ஆள் தொங்குவதால் அது அறுந்துவிடப் போவதில்லை. ரம்பம் உரசுவது, முடிச்சு வழுக்கும் சூடு, இழைக்குள் புகுந்த மணல், அமிலம், வெயில் ஆகியவைதான் அதைக் கெடுக்கின்றன. இவற்றில் பல, ஆள் மரத்தில் இல்லாத நேரத்தில் நடப்பவை.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் ‘நைலான் கயிறு’ என்று சொல்லி விற்கும் பச்சை, நீலக் கயிறுகள் பெரும்பாலும் நைலானே அல்ல, பாலிபுரொப்பிலீன். 165 டிகிரி அளவிலேயே உருகிவிடும், வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். வெட்டிய கிளைகளைக் கட்டி இழுக்க அது போதும். ஆள் தொங்க அதைப் பராமரித்துப் பயனில்லை, பயன்படுத்தவே கூடாது. இங்கே சொல்வதெல்லாம் ஆள் ஏறுவதற்கென்றே தயாரித்த 11 முதல் 13 மில்லிமீட்டர் கயிறுக்கும் அதோடு சேர்ந்த சாமான்களுக்கும்தான்.

1. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு நோட்டு

கயிறு, ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை), லேன்யார்ட் (மரத்தைச் சுற்றி ஹார்னஸோடு மாட்டும் குட்டைக் கயிறு), ஹிட்ச் கயிறு (ஏறும் கயிற்றில் பிடிமுடிச்சுப் போடும் துண்டுக் கயிறு), காராபைனர் (திறந்து பூட்டும் உலோக வளையம்) எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் கொடுங்கள். நோட்டில் வாங்கிய தேதி, லேபிளில் உள்ள தயாரிப்பு ஆண்டு, முதலில் பயன்படுத்திய தேதி மூன்றையும் எழுதுங்கள். நூலிழைச் சாமான்களுக்குப் பல நிறுவனங்கள் தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுகளை உச்ச வரம்பாக வைக்கின்றன. கடை அலமாரியில் கிடந்த ஆண்டுகளும் இந்தக் கணக்கில் சேரும். தினமும் வேலைக்குப் போகும் கயிறு அந்த வரம்பை நெருங்கவே நெருங்காது.

எண்ணை மார்க்கர் பேனாவால் கயிற்றின் மேலோ பட்டையின் மேலோ எழுதாதீர்கள். மையில் உள்ள கரைப்பான் இழையைப் பாதிக்கலாம் என்று நிறுவனங்கள் எச்சரிக்கின்றன. கயிற்றின் நுனியில் டேப் சுற்றி அதன்மேல் எழுதினால் போதும்.

2. தினமும் கயிற்றைக் கையால் பார்ப்பது

கையுறையைக் கழற்றிவிட்டு, கயிற்றின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை விரல்களுக்கு இடையில் மெதுவாக ஓட விடுங்கள். 45 மீட்டர் கயிறுக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது.

ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை கயிற்றை வளைத்து ‘ப’ வடிவில் பிடியுங்கள். நல்ல கயிறு எங்கும் ஒரே சீராக, வட்டமாக வளையும். ஓரிடத்தில் மட்டும் சட்டென்று மடிந்து கூரான மூலை விழுந்தால் உள்ளிழை நசுங்கியோ அறுந்தோ இருக்கிறது; மேலுறை பார்க்க நன்றாகவே இருக்கும். மாறாக ஓரிடம் வளையவே மறுத்துக் குச்சி போல நின்றால் அங்கே சூடுபட்டு இழைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது பால், பிசின் ஊறி இறுகியிருக்கலாம். கழுவிய பிறகும் அப்படியே இருந்தால் சூடு என்றே வையுங்கள்.

விரலில் ஒரு வீக்கம் தட்டுப்பட்டால் அது உள்ளிழை ஒருபக்கம் திரண்டது. மேலுறையில் ரம்பப் பல் பட்ட வெட்டு, பளபளவென்று உருகிய தடம், உள்ளே வெள்ளை இழை எட்டிப் பார்ப்பது எல்லாமே அந்த இடத்தை ஒதுக்கக் காரணங்கள்தான். மேற்பரப்பில் பஞ்சு போலச் சிலிர்த்திருப்பது மட்டும் கெட்ட அறிகுறி அல்ல. பழகிய கயிறு எல்லாமே அப்படித்தான் ஆகும்.

பழுது நுனியிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் இருந்தால் அதுவரை வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, நடுவில் சூடான கத்தியால் அறுத்து, நுனியை உருக்கி மூடுங்கள். உடனே புதிய நீளத்தை அளந்து நோட்டிலும் டேப்பிலும் எழுதுங்கள். 45 மீட்டர் என்று நம்பி ஏறி, 42 மீட்டரில் கயிறு தீர்ந்து நுனி கையை விட்டு நழுவும் விபத்து இத்தொழிலில் நன்கு தெரிந்த ஒன்று. கயிற்று நுனியில் எப்போதும் ஒரு தடுப்பு முடிச்சு இருக்கட்டும். பழுது நடுவில் இருந்தால் ஏறும் கயிறாக அதன் கதை முடிந்தது.

3. கழுவுவது

மண் ஒட்டிய கயிறு தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும். மணல் துகள் மேலுறையைத் தாண்டி உள்ளே இறங்கி, சுமை ஏறி இறங்கும்போதெல்லாம் இழைகளை அரிக்கும். கயிறு தொட்டால் கை கறுக்கிறது என்றால் கழுவும் நேரம் வந்துவிட்டது.

20 லிட்டர் தண்ணீரில் பிஎச் நடுநிலையான திரவ சோப்பு 20 முதல் 30 மில்லி விடுங்கள். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். மே மாத மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் இதைத் தாண்டிச் சுடும். காலையில் பிடித்து வைத்த தண்ணீரே நல்லது. துணி துவைக்கும் பவுடரில் காரம் அதிகம், அது வேண்டாம். பிளீச்சிங் எந்த வடிவிலும் கிட்டவே வரக்கூடாது.

கயிற்றைச் சங்கிலிப் பின்னலாக மடக்கிக்கொண்டால் சிக்கு விழாது. அரை மணி நேரம் ஊற வைத்துக் கையால் பிசையுங்கள். அழுக்கு விடாத இடத்தில் மிருதுவான பிரஷ் போதும். நுரை வருவது நிற்கும் வரை, பெரும்பாலும் மூன்று முறை, நல்ல தண்ணீரில் அலசுங்கள். வாஷிங் மெஷினில் போடுவதானால் முன்பக்கம் திறக்கும் வகையில், வலைப்பைக்குள் வைத்து, சுழற்றிப் பிழியாமல் எடுங்கள். கார் கழுவும் பிரஷர் பம்ப் மணலை இன்னும் உள்ளே தள்ளும்.

வேப்பம் பிசின், முருங்கைப் பிசின் தண்ணீரில் ஊறினால் இளகிவிடும். பலாப்பால் அப்படி இளகாது. பெட்ரோல், தின்னர் கொண்டு துடைக்க ஆசை வரும்; வேண்டாம். அந்த இடத்தில் ஐஸ் கட்டியைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் பால் இறுகும், நகத்தால் பெயர்த்து எடுத்துவிடலாம். முழுதும் போகாது. கயிறு வளைகிறதா என்பதே கேள்வி, கறை ஒரு பொருட்டில்லை.

நிழலில், காற்றோட்டத்தில், மூங்கில் கழியில் தளர்வாகப் போட்டு உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப்போடுவதுதான் நம்மூர்ப் பழக்கம், ஆனால் புறஊதாக் கதிர் நைலானையும் பாலியெஸ்டரையும் தளரச் செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் காய மூன்று நாள்கூட ஆகலாம், பரவாயில்லை. ஈர நைலானின் வலு 10 முதல் 15 சதவீதம் குறையும், காய்ந்ததும் திரும்பிவிடும்.

4. ஹிட்ச் கயிறு: முதலில் தேய்வது

ஏறும் கயிற்றில் சுற்றி உங்களைப் பிடித்து நிறுத்தும் 8 முதல் 10 மில்லிமீட்டர் குட்டைக் கயிறுதான் மொத்தச் சாமானிலும் அதிகம் அடிபடுவது. வேகமாக இறங்கும்போது உரசல் முழுவதும் அந்தச் சில சுற்றுகளில் சூடாக மாறுகிறது. பாலியெஸ்டர் 255 டிகிரி அளவில் உருகும். டைனீமா என்னும் வலுவான பாலிஎத்திலீன் இழை 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அதனால்தான் உருகாத அராமிட் இழையால் மேலுறை நெய்த ஹிட்ச் கயிறுகள் வருகின்றன. மலிவு என்று தனி டைனீமா கயிற்றை இங்கே போடுவது ஆபத்து.

வாரம் ஒருமுறையாவது முடிச்சை முழுதாக அவிழ்த்துப் பாருங்கள். கட்டியபடியே இருந்தால் தேய்ந்த பக்கம் உள்ளே மறைந்திருக்கும். பிளேக் ஹிட்ச் என்ற பிடிமுடிச்சைப் போடுபவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது: இதில் சூடு ஒரே இடத்தில் விழும். அங்கே கண்ணாடி போன்ற பளபளப்பும் நகத்தால் சுரண்டினால் சொரசொரப்பும் தெரியும். ஏறும் கயிற்றின் வாலையே ஹிட்ச்சாகப் போட்டால் ஒவ்வொரு முறையும் நுனியை வெட்டிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். தனித் துண்டுக் கயிறாக வைத்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும், செலவும் குறைவு. கண் போன்ற வளையம் காராபைனரில் உட்காரும் இடத்தையும் பாருங்கள். அங்கே மேலுறை மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

5. ஹார்னஸ்

தையல்தான் ஹார்னஸின் உயிர். பட்டை நிறத்துக்கு மாறான நிறத்தில் நூல் போட்டிருப்பது அறுந்தது கண்ணில் படத்தான். சுமை தாங்கும் தையலில் நூல் அறுந்திருந்தால் உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுக்காதீர்கள். அவர் போடும் நூலும் தையல் அமைப்பும் வேறு. பட்டையை மடக்கி, வளைந்த ஓரத்தில் வெட்டு இருக்கிறதா பாருங்கள். ரம்பத்தின் புகைக்குழாய் தொடும் இடுப்புப் பக்கத்தில் கடினமாகிப் போன உருகல் தடம் இருக்கும்.

இடுப்பின் முன்பக்கம் குறுக்கே போகும் பிரிட்ஜ் கயிற்றைத் தினமும் பாருங்கள். அதன்மேல் வளையம் ஓயாமல் ஓடுவதால் ஹார்னஸை விடச் சீக்கிரம் தேயும். அநேக ஹார்னஸ்களில் அதை மட்டும் தனியாக மாற்றலாம். அதே நிறுவனத்தின் உதிரியையே போடுங்கள். பக்கிளில் மரத்தூள் அடைத்திருந்தால் பட்டை மெல்ல நழுவும், பழைய பல் பிரஷால் தட்டி எடுங்கள்.

6. காராபைனரும் மற்ற இரும்பும்

மரவேலைக்கு மூன்று அசைவில் திறக்கும், தானே பூட்டிக்கொள்ளும் காராபைனர்தான் வழக்கம். சோதனை எளிது: காராபைனரின் வாயைத் திறந்து, படாரென்று விடாமல் விரலை மெதுவாகத் தளர்த்துங்கள். தானே முழுதாக மூடி, தானே பூட்ட வேண்டும். பத்துமுறை செய்யுங்கள். ஒன்பது முறை பூட்டி ஒருமுறை பாதியில் நின்றால் அது பூட்டாத காராபைனர்தான்.

பெரும்பாலும் காரணம் மரத்தூளும் பிசினும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முக்கி, வாயைத் திறந்து மூடியபடி பிரஷால் தேய்த்து, அலசி, முழுதாகக் காய வையுங்கள். பிறகு கீலிலும் பூட்டு உருளையிலும் கிராஃபைட் அல்லது சிலிகான் மசகு ஒரு துளி, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். செயின் ஆயிலும் வண்டிக் கிரீஸும் வேண்டாம். அவை தூளை இழுத்துப் பிடித்து, இரண்டே நாளில் மறுபடி அடைக்கும். இதற்குப் பின்னும் ஒழுங்காகப் பூட்டாவிட்டால் ஒதுக்குங்கள்.

கயிறு ஓடி விழுந்த பள்ளம் 1 மில்லிமீட்டரை எட்டினாலும் ஒதுக்க வேண்டியதே. கீழே புல்லில் விழுந்த காராபைனரையெல்லாம் தூக்கிப் போடத் தேவையில்லை. வளைவும் விரிசலும் இல்லாமல் வாய் நேராகப் பொருந்தினால் போதும். உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழுந்தது வேறு விஷயம், அதற்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்காதீர்கள்.

உள்ளே இரும்புக் கம்பி ஓடும் லேன்யார்டில் கம்பி இழை ஒன்று உடைந்து மேலுறையைக் குத்தி வெளியே வந்தாலே மாற்றுங்கள். காலில் கட்டும் ஸ்பைக்கின் முனையைக் கை அரத்தால் மட்டும், குதியிலிருந்து முனை நோக்கித் தீட்டுங்கள். கிரைண்டர் வைத்தால் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். ஊசி போலவும் கூராக்காதீர்கள், மரத்தில் ஆழமாகச் சிக்கிக்கொள்ளும். ஸ்பைக் வெட்டி வீழ்த்தப் போகும் மரத்துக்கு மட்டும். வளர வேண்டிய மரத்தில் அது போடும் ஒவ்வொரு துளையும் நோய்க்கு வாசல்.

7. எங்கே வைப்பது

பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும். அதற்கு மேலேயே ஓர் ஆணி, அந்த ஆணியில் கயிறு. இதைவிட மோசமான இடம் கிடையாது. பேட்டரியின் கந்தக அமிலம் நைலானை அரிக்கும், அரித்தது வெளியே தெரியாமலே போகலாம். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் பாட்டிலுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். அமிலம் பட்டதாகச் சந்தேகம் வந்தாலே அந்தக் கயிறு வேண்டாம். கழுவித் தேற்ற முடியாது.

பெட்ரோல் கேன், செயின் ஆயில், ரம்பம் ஒரு பையில். கயிறும் ஹார்னஸும் வேறு பையில். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள். எலி நடமாடும் இடமானால் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் நல்லது, ஆனால் முழுதும் காய்ந்த பிறகே உள்ளே போக வேண்டும்.

8. ஒதுக்குவது

பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் பாரம் தூக்கும் கருவிகளுக்கான விதிகளின்படி, ஆள் தொங்கும் சாமான்களைத் தேர்ந்த ஒருவர் 6 மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். சட்டம் கேட்காத இடத்திலும் அந்த இடைவெளியைப் பின்பற்றலாம். பார்ப்பவர் அந்தச் சாமானில் தினமும் ஏறுபவராக இல்லாமல் இருப்பது மேல். பழகிய கண் தேய்மானத்தைக் கவனிக்காது.

ஒதுக்கிய கயிற்றை முழுசாகச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். கிளை இறக்கவோ கிணற்றில் இறங்கவோ யாராவது எடுத்துவிடுவார்கள். முழ நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். ஹார்னஸின் சுமைப் பட்டைகளை அறுத்துவிடுங்கள், காராபைனரின் வாயை ரம்பத்தால் அறுத்துப் பிரியுங்கள். அந்த எண்ணுக்கு நேரே நோட்டில் தேதியும் காரணமும் எழுதி, எண்ணை வேறு எதற்கும் மறுபடி கொடுக்காமல் விடுங்கள்.