தத்துவதெல்லாம் புகையான் அல்ல

போன வாரம் பக்கத்து வயல் தம்பி செல்போனோடு ஓடி வந்தான். சென்னை வேலையை விட்டுவிட்டு இந்த வருஷம்தான் சம்பா நட்டிருக்கிறான். "அண்ணே, புகையான் விழுந்துடுச்சு!" நெற்பயிரின் சாற்றை உறிஞ்சிக் காயவைக்கும் தத்துப்பூச்சிதான் புகையான். படத்தில் இலைமேல் பச்சையாக ஒரு பூச்சி, இறக்கையில் கரும்புள்ளி. சட்டைப்பையில் மருந்துக்கடைச் சீட்டும் தயார். 15 வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஓடினேன். அப்படி ஓடும்போது செய்கிற தப்புகள் இவை.

வரப்பிலிருந்தே முடிவு கட்டுவது

அவன் காட்டியது பச்சைத் தத்துப்பூச்சி. இலையில் உட்காரும். புகையானோ பழுப்பு நிறம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அடித்தண்டில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். வரப்பில் நின்றால் கண்ணில் படாது. வட்ட வட்டமாகப் பயிர் கருகிய பிறகுதான் தெரியும்.

15 வருஷத்துக்கு முன்னால் நான் வயலில் இறங்கவில்லை. பச்சையாக நாலு தத்தியதும், கடையில் கொடுத்த பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தை வயல் முழுக்க அடித்தேன். மறுநாள் ஒன்றும் தத்தவில்லை. ஒரே பெருமை. ஆனால் சிலந்திகளும் செத்திருந்தன. புகையான் முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் போயிற்று. அதுவும் பச்சையும் கறுப்புமாக இருக்கும். அதையும் எதிரிக் கணக்கில் சேர்த்திருந்தேன்! இலையுறைக்குள் இருந்த புகையான் முட்டைகள் மட்டும் பத்திரம். நாலு வாரத்தில் நடுவயலில் கயிற்றுக் கட்டில் அகலத்துக்குப் பயிர் காய்ந்தது. அறுப்புக்குள் முக்கால் ஏக்கர் பதர். பைரித்ராய்டு அடித்தால் புகையான் பெருகும் என்று வேளாண் பல்கலைக்கழகம் எச்சரித்தும் கடையில் அதையே நீட்டுகிறார்கள், நாமும் வாங்குகிறோம். நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

சரி, எப்படிப் பார்ப்பது? வயலில் இறங்கி, பயிரை விலக்கி, குத்தின் (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்தின்) அடியில் தட்டுங்கள். தண்ணீரில் விழுவதை எண்ணுங்கள். தூருக்கு (குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு) 1 புகையான் இருந்தால் மருந்தை யோசிக்கலாம். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம்.

காலைப் பார்க்காமல் விடுவது

நிறம் ஏமாற்றும். லென்ஸ் வைத்துப் பின்னங்காலைப் பாருங்கள். கெண்டைப் பகுதி நெடுக சீப்புப்பல் போல முள்வரிசை இருந்தால் இலைத் தத்துப்பூச்சி. அதன் முனையில் அசையும் ஒற்றை முள் பெரிதாக நீட்டிக்கொண்டிருந்தால் புகையான் வகை. அதிலும் முதுகில் வெள்ளைப் பட்டை இருந்தால் வெண்முதுகுத் தத்துப்பூச்சி.

குட்டை இறக்கைப் புகையானைக் குஞ்சு என்று நினைப்பது

அது முழு வளர்ச்சியடைந்த பெண்ணாகவும் இருக்கலாம். வயலிலேயே தங்கி முட்டையிடுவது அதுதான்.

பச்சை என்றால் பாவம் என்று விட்டுவிடுவது

அதுவும் தப்பு. துங்ரோ நச்சுயிரியைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சிதான். பயிர் குட்டையாகி இலை ஆரஞ்சு மஞ்சளாகிறதா என்று பாருங்கள்.

இரவு விளக்கில் வந்து விழும் புகையானை எண்ணுவது

ஊருக்குள் வந்திருக்கிறது என்று தெரியும். உங்கள் வயலில் எத்தனை என்று தெரியாது.

அப்புறம், தம்பியை இழுத்துக்கொண்டு இறங்கி 20 குத்து தட்டினோம். பழுப்பாக 3 விழுந்தன. சிலந்தி அதைவிட அதிகம். மருந்து வேண்டாம், அடுத்த யூரியாவை மட்டும் குறைத்துப் போடு என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. மருந்து அடிக்காமல் வீடு திரும்புவது அவனுக்கு வேலையே செய்யாத மாதிரி.