பார்க்கின்சனில் குரல் இறங்கினால் வீட்டில் என்ன செய்யலாம்

வீட்டில் ஒருவருக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் வந்து குரல் இறங்கிப் போயிருக்கிறதா? தான் சத்தம் குறைவாகப் பேசுகிறோம் என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியாது, இதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். மூளையில் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற ரசாயனம் குறைவதால் எப்படிக் கையெழுத்து சிறுத்து, நடை சுருங்குகிறதோ அதேபோல மூச்சு, தொண்டை, உதடு எல்லாமே சின்னதாகத்தான் அசைகின்றன. அதோடு, தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று உள்ளே போடும் கணக்கும் தப்பிவிடுகிறது. அதனால்தான் "சத்தமாப் பேசுங்கப்பா" என்றால், "கத்திக்கிட்டுத்தானே இருக்கேன், உனக்குத்தான் காது கேக்கல" என்று பதில் வருகிறது. அது வீம்பு இல்லை. அவர் பேசுவதை நாலடி தள்ளிப் போனில் பதிவு செய்து, பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள், சொல்லிப் புரியாதது கேட்டால் புரியும்.

அடுத்தது ஸ்பீச் தெரபி, அதாவது பேச்சுப் பயிற்சி. மாத்திரையால் நடை தேறும் அளவுக்குக் குரல் தேறுவதில்லை, அதனால் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, நரம்பு டாக்டரிடம் நீங்களாகவே கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த நோய்க்கென்றே உள்ள எல்எஸ்விடி லவுட் என்ற பயிற்சி வாரம் 4 நாள், 4 வாரம், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். ஏற்காட்டில் இருப்பவர்கள் அதற்காக 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற முடியாதுதான், ஆனால் வீடியோ காலில் செய்தாலும் பலன் கிடைக்கிறது.

வீட்டில் செய்வது இதுதான். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். நிறைய மூச்சு இழுத்து, தொண்டையை இறுக்காமல் "ஆ..." என்று முடிந்தவரை நீட்டட்டும். அப்புறம் தினமும் வாயில் வரும் 10 வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றையும் 5 தடவை சத்தமாகச் சொல்லட்டும். புத்தகத்துப் பாடம் வேண்டாம், அவர் வாழ்க்கையில் இருக்கிற பேச்சாக இருக்கட்டும்: பஸ்ஸில் "அம்மாபேட்டை ஒரு டிக்கெட் குடுங்க", "ரெண்டு தட்டுவடை செட், காரம் கம்மியா", "மாத்திரை எடுத்துட்டு வாம்மா". ஒரு வாரம் கழித்து அந்தத் தட்டுவடைக் கடைக்கே கூட்டிப் போய் அவரையே கேட்கச் சொல்லுங்கள். கடைக்காரர் "என்னங்க?" என்று திரும்பக் கேட்டாலும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், இந்த இடத்தில் பொறுத்துக்கொள்வதுதான் வீட்டுக்காரர்களுக்கு ரொம்பக் கஷ்டம், ஆனால் நாமே பேசிப் பேசித்தான் பலரை வாய் மூட வைத்துவிடுகிறோம். ஞாபகப்படுத்த "சத்தமா" என்ற ஒரே சொல் போதும். மூச்சு விடு, வாயைத் திற, மெதுவாகச் சொல் என்று அடுக்கினால் குழம்பிவிடுவார். குரல் கரகரத்தாலோ தொண்டை வலித்தாலோ நிறுத்திவிட்டு ஈஎன்டி டாக்டரைப் பாருங்கள்.

சிலருக்குச் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடும், அவர்கள் ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு என்று தொடையில் விரலால் தட்டிக்கொண்டு பேசலாம். தறி ஓடும் வீடென்றால் பக்கத்து அறைக்கு வந்து பேசுங்கள், டிவியை நிறுத்துங்கள், முகம் பார்த்துக் கேளுங்கள். முகத் தசையும் இறுகியிருப்பதால் சிரிப்பு வெளியே தெரியாது, அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பிடும்போது மட்டும் பேச வைக்காதீர்கள். தண்ணீர் குடிக்கையில் இருமல், புரையேற்றம், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கொளகொளப்பது இருந்தால் விழுங்குவதிலும் சிக்கல் தொடங்கியிருக்கலாம். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவரை தட்டுவடை மாதிரி உதிர்ந்து தூளாகும் பண்டங்களைக் கொடுக்க வேண்டாம்.