லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கிக்கு: வான்வழித் தொலைவையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிடும் முறை

ஐரோப்பாவின் இரு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தொலைவைக் கணக்கிட விரும்புவோர், முதலில் எந்த விமான நிலையம் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். லண்டனுக்கு ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் எனப் பல நிலையங்கள் உண்டு. பாரிஸின் பெயரைத் தாங்கிய போவே நிலையமோ அந்நகரிலிருந்து ஏறத்தாழ 85 கி.மீ. தள்ளி இருக்கிறது. இந்தக் குழப்பம் இல்லாத லிஸ்பன் (போர்ச்சுகல்), ஹெல்சிங்கி (ஃபின்லாந்து) நிலையங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

லிஸ்பன் நிலையம் 38.77 பாகை வடக்கு, 9.13 பாகை மேற்கு. ஹெல்சிங்கி நிலையம் 60.32 பாகை வடக்கு, 24.96 பாகை கிழக்கு. ஒன்று மேற்கிலும் மற்றது கிழக்கிலும் இருப்பதால் நெட்டாங்குகளை, அதாவது கிழக்கு-மேற்குப் பாகைகளை, கழிக்காமல் கூட்ட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். கிடைக்கும் நெட்டாங்கு வேறுபாடு 34.09 பாகை. இனி, இரு அகலாங்குகளின் (வடக்குப் பாகைகளின்) சைன் மதிப்புகளைப் பெருக்கி ஒரு பக்கம் வையுங்கள். அவற்றின் கொசைன் மதிப்புகளைப் பெருக்கி, அதை நெட்டாங்கு வேறுபாட்டின் கொசைனாலும் பெருக்கி, முதல் விடையுடன் கூட்டினால் 0.8637 வரும். இதைக் கொசைனாகக் கொண்ட கோணம் 30.26 பாகை. பூமியின் பரப்பில் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்பதால், தொலைவு ஏறத்தாழ 3,365 கி.மீ., அதாவது 1,817 கடல் மைல்.

இது பெருவட்டப் பாதையின், அதாவது பூமியின் மையத்தையே மையமாகக் கொண்ட வட்டத்தின் வழியே செல்லும் பாதையின், நீளம். உருண்டையின் மீது இதைவிடக் குறுகிய வழி கிடையாது. விமானம் தாமதமானால் இழப்பீட்டுக்கான தொலைவை இந்த முறையிலேயே அளக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் ஒழுங்குமுறை கூறுவதால், இக்கணக்கைப் பயணிகள் அறிந்திருப்பது மிகவும் நல்லது.

நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல இயலாது. ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. 3,365-ஐ 830-ஆல் வகுத்தால் 4 மணி 3 நிமிடம்; மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதால், அதனுடன் அரை மணி நேரம் சேர்த்து 4 மணி 35 நிமிடம் எனக் கொள்ளலாம். ஃபிராங்க்ஃபர்ட் - மியூனிக் போன்ற 300 கி.மீ. பயணத்தில் இந்த அரை மணி நேரமே பெரும்பங்காகிவிடும். பயணச்சீட்டில் உள்ள நேரம் வாயிலை விட்டு நகர்வது முதல் மறு வாயிலில் நிற்பது வரையிலானது என்பதால், தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் அதில் அடங்கும்.

இந்த அகலாங்குகளில் மேல்வானக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், ஹெல்சிங்கியிலிருந்து லிஸ்பன் திரும்பும் பயணம் வழக்கமாகக் கூடுதல் நேரம் பிடிக்கும். குளிர்காலத்தில் காற்று வலுப்பதால் வேறுபாடும் கூடும். மூடப்பட்ட வான்பரப்புகளையும் கவனிக்க வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளதால், இஸ்தான்புல் - ஹெல்சிங்கி போன்ற தடங்கள் மேற்கே வளைந்து செல்கின்றன. அங்கே பெருவட்டத் தொலைவை மட்டும் நம்பினால் நேரக் கணக்கு குறைந்துவிடும்.

கடைசியாக, கடிகாரம். ஹெல்சிங்கி லிஸ்பனைவிட 2 மணி நேரம் முந்தியது. எனவே காலை 10 மணிக்குப் புறப்பட்டு 4 மணி 35 நிமிடம் பறந்தால், அங்கே மாலை 4.35 ஆகியிருக்கும். இரு நாடுகளும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று ஒரே கணத்தில் கடிகாரத்தை மாற்றுவதால், இந்த வேறுபாடு ஆண்டு முழுவதும் நிலைக்கும். ஐஸ்லாந்தும் துருக்கியும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அந்நாட்டு நிலையங்களுக்குக் கணக்கிடும்போது பயண நாள் கோடைக்காலத்திலா குளிர்காலத்திலா என்பதைப் பார்த்த பின்னரே கூட்டவோ கழிக்கவோ வேண்டும்.